‘அளவு’ என்றால் எவ்வளவு? – மொபைல் லெஜெண்ட்ஸ் பற்றி ஆசிரியரும் மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை



‘கைப்பேசி விளையாட்டுகளின் நன்மை தீமைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர்களின் கட்டுரை எப்படி முடியும் என்று திருத்துகிற ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பழமொழியில் தவறில்லை. ஆனால், அளவு என்றால் எவ்வளவு? இதைக் கட்டுரையில் யாரும் எழுதுவதில்லை. வீட்டில் அம்மாவும் “போதும், ஃபோன வை” என்பதோடு சரி. பள்ளியில் நாமும் அந்தக் கேள்விக்குள் போவதில்லை.

புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று நம்ம குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் நாலைந்து பையன்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். “டேய், டரட் போச்சுடா”, “யார்டா ஏ.எஃப்.கே.?” என்ற சத்தமும் கேட்கும். அது மொபைல் லெஜெண்ட்ஸ். இந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது, அதற்குச் சரியான ‘அளவு’ எது, தேர்வுக் கட்டுரையில் இதை எப்படிக் கையாளலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

1. இது என்ன ஆட்டம்?

ஒரு சதுரமான களம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு தளங்கள். ஒரு பக்கம் 5 பேர், எதிர்ப்பக்கம் 5 பேர். இரு தளங்களையும் 3 பாதைகள் இணைக்கின்றன. பாதைகளுக்கு இடையில் காடு. ஒவ்வொரு பாதையிலும் இரு தரப்புக்கும் காவல் கோபுரங்கள் உண்டு. பசங்க ‘டரட்’ என்பது இதைத்தான். எதிரியின் கோபுரங்களை உடைத்து முன்னேறி, கடைசியில் அவன் தளத்தைத் தகர்க்கும் அணி வெல்லும்.

ஒவ்வொருவரும் ஒரு நாயகனைத் தேர்ந்தெடுத்து ஆடவேண்டும். 100-க்கும் மேற்பட்ட நாயகர்கள் இருக்கிறார்கள். அடியைத் தாங்குபவர், நேருக்கு நேர் மோதுபவர், மறைந்து தாக்குபவர், மாயவித்தை செய்பவர், தூரத்திலிருந்து எய்பவர், துணை நிற்பவர் என்று அவர்களுக்கு 6 வகையான பணிகள். எல்லாரும் எய்பவராகவே வந்தால் அணி தோற்கும். கபடியில் பாடி வரத் தெரிந்தவர்கள் மட்டுமே இருந்து, பிடிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

கபடியோடு இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இதில் வீழ்ந்தவர் ஒரேயடியாக வெளியேறுவதில்லை. சில நொடிகள் காத்திருந்து மீண்டும் களத்துக்கு வருகிறார். ஆட்டம் முற்ற முற்ற அந்தக் காத்திருப்பு நீளும். அதனால் கடைசி நேரத்தில் ஒருவர் வீழ்ந்தால்கூட மொத்த ஆட்டமும் கைவிட்டுப் போகலாம்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு செய்தி. இந்த விளையாட்டின் நாயகர்களில் ஒருவர் நம் மகாபாரதத்துக் கடோத்கஜன், பீமனின் மகன். இந்தோனேசிய மரபில் வழங்கும் ‘காதோத்காச்சா’ என்ற பெயரில், அடி தாங்கும் வீரராக வருகிறார். மலாய் மரபுக்கதைகளின் பலசாலி பாடாங்கும் இதில் உண்டு. அந்த நாயகனை ஆடத் தெரிந்த மாணவனிடம், “உன் ஹீரோவோட அப்பா யாருன்னு தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். இதிகாசப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

2. எங்கிருந்து வந்தது? முன்பு அளவை யார் வைத்தார்?

இந்த வகை ஆட்டத்தை முதலில் உருவாக்கியவர்கள் ரசிகர்கள். 1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ரசிகர்கள் வடிவமைத்த ஒரு களத்திலிருந்து இந்த எண்ணம் பிறந்தது. 2003-இல் வார்கிராஃப்ட் 3 விளையாட்டின்மேல் ‘டோட்டா’ உருவானது. 2009-இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ், 2013-இல் டோட்டா 2 என்று நிறுவனங்கள் இதைத் தனி விளையாட்டாக்கின. இவை எல்லாம் கணினிக்கானவை. சீனாவின் மூன்டன் நிறுவனம் 2016-இல் மொபைல் லெஜெண்ட்ஸை வெளியிட்டபோது அதே ஆட்டம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 2021-இல் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் மூன்டனை வாங்கியது.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. தோட்டத்துத் திடலில் பந்து விளையாடிய தலைமுறைக்கு அளவை வைத்தது சூரியன். இருட்டினால் ஆட்டம் முடிந்தது. டோட்டா காலத்து அண்ணன்மார்களுக்கு அளவை வைத்தது காசு. பட்டணத்துச் சைபர் கஃபேவுக்கு மோட்டாரில் போகவேண்டும், மணிக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும், காசு தீர்ந்தால் எழுந்து வரவேண்டும். இரண்டுமே வெளியிலிருந்து வந்த அளவு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பாடம் வீட்டுக்கு வந்தது. பிள்ளை இயங்கலையில் படிக்கவேண்டும் என்பதற்காக, வசதி குறைந்த பெற்றோரும் எப்படியோ ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிகள் திரும்பவும் திறந்தன. ஃபோன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இந்த ஆட்டத்துக்கு இருட்டும் கிடையாது, மணிக்கணக்குக் கட்டணமும் கிடையாது. வெளியிலிருந்து வந்த அளவுகள் போய்விட்டதால், இப்போது அளவை நாமே வைக்கவேண்டியுள்ளது.

3. “இதோ வர்றேம்மா” – ஏன் பாதியில் நிறுத்த முடிவதில்லை?

அம்மா கூப்பிடுகிறார். “இதோ வர்றேம்மா” என்று பதில் வருகிறது. பத்து நிமிடம் ஆகியும் ஆள் வருவதில்லை. இதைத் திமிர் என்று நினைக்கிறோம். சில நேரம் திமிராகவும் இருக்கலாம். ஆனால், ஆட்டத்தின் அமைப்பையும் பார்க்கவேண்டும்.

• பொது ஆட்டத்தில் இடையில் நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லை. எதிரில் ஆடுபவர்கள் உண்மையான மனிதர்கள். ஒருவருக்காகக் களம் காத்திருக்காது.

• ஒருவர் விலகினால் அவருடைய அணி நால்வராகச் சுருங்கும். அந்த நால்வரும் பெரும்பாலும் அவனுடைய வகுப்புத் தோழர்கள். ஆட்டத்தைக் கைவிட்டுப் போனவனைத்தான் ‘ஏ.எஃப்.கே.’ என்கிறார்கள். மறுநாள் பள்ளியில் அந்தப் பெயரோடு நிற்க எந்தப் பையனுக்கும் பிடிக்காது.

• பாதியில் விலகுபவரின் நன்னடத்தைப் புள்ளியை விளையாட்டே குறைக்கும். அது ரொம்பக் குறைந்தால் தரவரிசை ஆட்டத்தில் சேர முடியாது.

• தோல்வியை ஒப்புக்கொண்டு முன்கூட்டியே முடிப்பதற்கும் அணியினரின் வாக்கெடுப்பு தேவை.

எனவே, ஆட்டத்தின் நடுவில் “உடனே வை” என்று சொல்வது கபடியில் பாடிக்கொண்டிருப்பவனைத் திடலுக்கு வெளியிலிருந்து கூப்பிடுவது மாதிரி. சண்டைதான் மிஞ்சும். ஓர் ஆட்டம் பொதுவாக 10 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பேசவேண்டிய இடம் இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் இருக்கிறது. அந்த இடைவெளியில் மாணவனுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. நண்பனைக் கைவிடும் பிரச்சினையும் இல்லை, புள்ளி குறையும் பிரச்சினையும் இல்லை. அங்கேயும் நிறுத்த முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் வேறு.

4. நட்சத்திரக் கணக்கு

அந்தக் காரணம்தான் தரவரிசை. வாரியர், எலீட், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர், எபிக், லெஜெண்ட், மித்திக் என்று படிநிலைகள். தரவரிசை ஆட்டத்தில் வென்றால் ஒரு நட்சத்திரம் ஏறும். தோற்றால் ஒன்று இறங்கும். சில சலுகைப் புள்ளிகள் உண்டு என்றாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். பருவம் முடிந்து புதுப் பருவம் தொடங்கும்போது தரம் கீழே இறக்கப்படும். திரும்பவும் ஏறவேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். விளையாட்டு உங்களுக்குச் சமமான திறமை உள்ளவர்களையே எதிரில் நிறுத்தப் பார்க்கும். சமமான எதிரி என்றால் வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 10 ஆட்டம் ஆடி, 5-இல் வென்று 5-இல் தோற்றால் ஏறிய நட்சத்திரம் பூச்சியம். ஆள் சேர்வதற்கும் நாயகனைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், போன நேரம் 200 நிமிடம். அதாவது 3 மணி 20 நிமிடம். நின்ற இடம் அதே இடம்.

“ஒரே ஒரு கேம்” என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. தோற்றவனுக்கு இழந்த நட்சத்திரத்தை மீட்கவேண்டும். வென்றவனுக்குக் கை ராசியாக இருக்கும்போதே ஏறிவிடவேண்டும். இரண்டு பேருமே அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார்கள். 11.30 மணிக்குத் தொடங்கும் ‘கடைசி கேம்’ நள்ளிரவைத் தொடுகிறது. விடியற்காலையில் பள்ளிப் பேருந்துக்கு எழவேண்டிய பிள்ளைக்கு அதன் விலை மறுநாள் முதல் பாடவேளையில் தெரிந்துவிடும்.

5. அப்படியென்றால் அளவு எது?

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மணியால் அளந்தால் மணி அடிக்கும்போது ஆட்டம் பாதியில் நிற்கும், சண்டை வரும். ஆகவே, அளவின் அலகு மணி அல்ல, ஆட்டம். கீழ்க்கண்டவற்றை முயன்று பாருங்கள்.

(அ) எண்ணிக்கையை ஆடுவதற்கு முன்பே சொல்லவேண்டும். “இன்னைக்கு ரெண்டு கேம்” என்று வாயால் சொல்லிவிட்டு இறங்கவேண்டும். வென்றாலும் தோற்றாலும் இரண்டுதான். பள்ளி நாளில் 2 ஆட்டம் என்றால் சுமார் 40 நிமிடம். வீட்டுப்பாடம் முடிந்த பிறகு இது பெரிய நேரமில்லை.

(ஆ) படுக்கும் நேரத்துக்கு 30 நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் புது ஆட்டம் தொடங்கக்கூடாது.

(இ) தேர்வுக்கு முந்தைய மாதங்களில் தரவரிசை ஆட்டத்தை விட்டு, நட்சத்திரம் ஏறி இறங்காத ‘கிளாசிக்’ ஆட்டத்தை மட்டும் ஆடலாம். மீட்கவேண்டிய நட்சத்திரம் இல்லாவிட்டால் “இன்னும் ஒன்னு” என்ற தூண்டுதல் பாதியாகக் குறையும்.

(ஈ) ஒப்பந்தத்தை ஐவரோடும் சேர்த்துச் செய்யுங்கள். இதுதான் முக்கியம். ஒரு பையனிடம் மட்டும் வாக்கு வாங்கினால் மற்ற நால்வரும் அவனைப் புலனத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நம் பகுதியில் அந்த ஐவரும் பெரும்பாலும் ஒரே பள்ளியில், பல நேரம் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஐவரையும் உட்கார வைத்து, “எத்தனை மணிக்கு இறங்குறீங்க, எத்தனை கேம், எத்தனை மணிக்கு எல்லாரும் வெளியேறுறீங்க?” என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். நண்பனைக் கைவிடக்கூடாது என்ற அதே உணர்வு இப்போது படிப்புக்குக் காவல் நிற்கும்.

6. ரியாத் வரை போன சிலாங்கூர்

“டீச்சர், இதுல சாதிச்சா காசு வரும்” என்று மாணவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. 2024 ஜூலையில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த மொபைல் லெஜெண்ட்ஸ் பருவ இடைக் கிண்ணத்தில், நம் மாநிலத்தின் பெயர் தாங்கிய சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு பிலிப்பைன்ஸ் குழுவை 4–3 என்ற கணக்கில் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. மொத்தப் பரிசு 30 லட்சம் அமெரிக்க டாலர். முதல் பரிசு 10 லட்சம்.

இது திடீரென்று வந்ததும் அல்ல. 2013-இல் டோட்டா 2-இன் உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் குழு மூன்றாம் இடம் பிடித்தது. 2019-இல் மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகப் போட்டி கோலாலம்பூரில்தான் நடந்தது. அதே ஆண்டு பிலிப்பைன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கப்பட்டது. 2023-இல் கம்போடியாவில் மொபைல் லெஜெண்ட்ஸ் ஆண்கள் பிரிவில் மலேசியா வெள்ளி வென்றது.

இதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இன்னொரு கணக்கையும் கேளுங்கள்: ஒரு குழுவில் களத்தில் நிற்பவர் எத்தனை பேர்? ஐவர். அந்த ஐந்து இடத்துக்கு நாட்டில் உள்ள எல்லாரும் மட்டுமல்ல, வெளிநாட்டவரும் போட்டியிடுகிறார்கள். ரியாத்தில் வென்ற குழுவிலேயே பிலிப்பைன்ஸ் வீரர்கள் இருந்தார்கள். குழுவில் இருப்பவர்களுக்குப் பயிற்றுநர் இருக்கிறார், ஆட்டத்தைத் திரும்பப் பார்த்துப் பிழை திருத்தும் வேலை இருக்கிறது. இரவெல்லாம் நட்சத்திரம் துரத்துவது பயிற்சி ஆகாது. ஆனால், வீரர் மட்டுமே வேலை என்றும் இல்லை. வர்ணனை, காணொலித் தொகுப்பு, வரைகலை, நிரலாக்கம், நிகழ்ச்சி ஏற்பாடு என்று பல வேலைகள் இந்தத் துறையில் உண்டு. அவற்றுக்குப் போகும் வழியில் எஸ்.பி.எம். சான்றிதழும் மொழித்திறனும் நிற்கின்றன.

7. வைரமும் சூதும்

ஆட்டம் இலவசம். நாயகனுக்கு அழகான உடை வேண்டுமென்றால் ‘வைரம்’ வாங்கவேண்டும். வைரத்துக்கு ரிங்கிட் கட்டவேண்டும். உடை வாங்கினால்தான் வெல்லலாம் என்பதில்லை, திறமைதான் வெல்லும். கவனிக்கவேண்டியது ‘அதிர்ஷ்டக் குலுக்கல்’. விரும்பிய உடையை விலை பார்த்து வாங்க முடியாது. குலுக்கிக் கொண்டே இருக்கவேண்டும், என்ன வரும் என்று தெரியாது. வள்ளுவர் சூதுக்கென்று 94-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அந்த அதிகாரத்தை நடத்தும்போது இந்தக் குலுக்கலை எடுத்துக்காட்டாகச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மின்பணப்பையின் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியவேண்டியதில்லை.

8. எப்போது உதவி தேட வேண்டும்?

நிறைய விளையாடும் எல்லாரையும் ‘அடிமை’ என்று சொல்லிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் சேர்த்தது; 2022 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று:

• விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை.
• மற்ற ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் விட விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தல்.
• பாதிப்பு வந்தபின்னும் தொடர்தல் அல்லது கூட்டுதல்.

இவை படிப்பையோ குடும்ப உறவையோ கடுமையாகப் பாதித்து, பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அது கோளாறு. அதற்காக 12 மாதம் சும்மா இருக்கவேண்டும் என்று பொருளில்லை. அறிகுறி தெரிந்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். திட்டுவதற்கு முன், அந்தப் பிள்ளை எதை மறக்க விளையாட்டுக்குள் போகிறது என்பதையும் விசாரியுங்கள்.

9. தேர்வு மாணவர்களுக்கு

கருத்துகளை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. குழுவாகச் செயல்படுதல் – ஆறு வகைப் பணிகள். தன் பணியைத் தான் செய்தல்.
2. முடிவெடுக்கும் திறன் – எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது. திருக்குறளில் அடுத்தடுத்து வரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் அதிகாரங்களை (48, 49, 50) இங்கே பொருத்தலாம்.
3. வாய்ப்பு – 2024 ரியாத் வெற்றி, 2023 சீ போட்டி வெள்ளி.
4. நேர இழப்பு – தரவரிசைச் சுழற்சி, தூக்கமின்மை.
5. பண இழப்பு – அதிர்ஷ்டக் குலுக்கல்.
6. மொழிச் சீர்கேடு – உரையாடல் பெட்டியில் வசைச்சொல், இனத்தைப் பழித்தல். புகார் செய்யும் வசதியைப் பயன்படுத்துதல்.
7. தீர்வு – ஆட்ட எண்ணிக்கை. நண்பர்களின் கூட்டு ஒப்பந்தம்.

மாதிரிப் பத்தி:

‘இணைய விளையாட்டைப் பொறுத்தவரை அளவு என்பது நேரத்தால் மட்டும் அமைவதன்று. குழு விளையாட்டில் ஒருவர் பாதியில் விலகினால் மற்ற நால்வரும் பாதிக்கப்படுவர். ஆகவே, இத்தனை மணி நேரம் என்று வரையறுப்பதைவிட, நாளொன்றுக்கு இத்தனை ஆட்டங்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்வது நடைமுறைக்கு ஏற்றது. அம்முடிவை நண்பர்கள் அனைவரும் ஒன்றுசேர்ந்து எடுப்பார்களாயின், விளையாட்டில் வளர்ந்த கூட்டுணர்வே அவர்களின் கல்விக்கும் துணைநிற்கும்.’

பத்தியில் உள்ள கருத்து, காரணம், தீர்வு ஆகிய மூன்றையும் பிரித்து அடிக்கோடிட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

கட்டுரையில் பயன்படுத்தச் சில சொற்கள்: டரட் – காவல் கோபுரம், லேன் – பாதை, ஹீரோ – நாயகன், ரேங்க் – தரவரிசை, சீசன் – பருவம், இ-ஸ்போர்ட்ஸ் – மின்விளையாட்டு, ஆன்லைன் – இயங்கலை.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ‘80 விழுக்காட்டு மாணவர்கள் அடிமையாகிவிட்டனர்’ என்று மனம்போன எண்ணை எழுதாதீர்கள். இரண்டாவது, தமிழ்நாட்டு இணையக் கட்டுரைகளை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். இந்தியா 2020 ஜூன் மாதம் தடை செய்த 59 செயலிகளில் மொபைல் லெஜெண்ட்ஸும் ஒன்று. அங்கே ‘இணைய விளையாட்டு’ என்ற பேச்சு பெரும்பாலும் பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றைப் பற்றியது. நம் சூழல் வேறு. நம் சூழலை எழுதினால் கட்டுரைக்கு உயிர் வரும்.

10. ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை

மாணவர்களை ஐவர் ஐவராகப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் தாம் கடைசியாக ஆடிய ஒரு வார ஆட்ட எண்ணிக்கையை விளையாட்டின் பதிவேட்டிலிருந்து வீட்டில் பார்த்து எழுதி வரட்டும். 20-ஆல் பெருக்கி நிமிடமாக்கட்டும். அந்த வாரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த நட்சத்திர நிலையைப் பக்கத்தில் எழுதட்டும். விளையாடாத மாணவர்கள் தாம் காணொலி பார்த்த நேரத்தைக் கணக்கிடலாம். பிறகு குழுவாகப் பேசி, அடுத்த வாரத்துக்கு ஓர் எண்ணை முடிவு செய்து தாளில் எழுதிக் கையொப்பமிடட்டும். நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை. எழுதிய எண்ணே பேசும்.

அடுத்த முறை ‘அளவுக்கு மிஞ்சினால்’ என்று ஒரு மாணவர் எழுதும்போது, அளவு எவ்வளவு என்பதையும் அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். தம் சொந்த எண்ணை அங்கே எழுதத் தெரிந்தவர் கட்டுரையிலும் கரை சேர்வார். தேர்வு ஆண்டையும் தாண்டிவிடுவார்.